வாசலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி

சாத்தூர்ப் பக்கம் வைப்பாற்றுப் பாலம் வந்ததும் பேருந்துக்குள் ஒரு பரபரப்பு எழும். தூங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட விழித்துவிடுவார்கள். மடியைத் தடவுவார்கள், பையின் ஜிப்பை இழுப்பார்கள், சன்னலோரம் இருப்பவரிடம் "இதையும் சேத்துப் போட்டுருங்க" என்று காசை நீட்டுவார்கள். ஆற்றில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. மணல் இருக்கும், மணல் அள்ளிய குழி இருக்கும், குழிக்குள் சீமைக்கருவேலம் முளைத்திருக்கும். காசு மணலில் விழும், சத்தம்கூட வராது. ஒருமுறை மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலை தூக்கி எங்கள் பேருந்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஆறு என்று பெயர் இருந்தால் போதும்.

நானும் போட்டிருக்கிறேன். எதற்குப் போடுகிறோம் என்று கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்கிறேன். கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து பாலம் நெருங்கும்போதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும். பக்கத்து மேசைக்காரர் எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருப்பவர். அவரிடம் கேட்டேன்.

"அந்தக் காலத்துல செப்புக்காசு. தண்ணியச் சுத்தம் பண்ணும். அதுக்குத்தான் போட்டாக."

"இப்ப உள்ள ஒரு ரூபா எவர்சில்வர் மாதிரில்ல இருக்கு. அதுவும் சுத்தம் பண்ணுமா?"

கொஞ்சம் யோசித்தார். "இப்ப நம்பிக்கைக்குப் போடுதாக" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்து போய்விட்டார்.

நான் பிறந்தது விருதுநகர். சிறுமியாக இருந்தபோது கழுத்தில் ஒரு மரு வந்தது. கடைவீதி நடுவில் இருக்கும் தெப்பக்குளத்துக்கு அம்மா கூட்டிப்போய் என் கையில் ஒரு துண்டு வெல்லத்தைக் கொடுத்துப் போடச் சொன்னாள். வெல்லம் கரைவதுபோல மரு கரைந்துவிடுமாம். அது எனக்குப் புரிந்தது. கரையும் பொருளைப் போட்டால் கரைய வேண்டியது கரையும். காசு கரையாதே. போட்ட இடத்திலேயே அடியில் கிடக்கும். கரையாத ஒன்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு மனிதர்கள் ஏன் நிம்மதியாகத் திரும்பிப் போகிறார்கள்?

இதற்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் இடத்தில் நடந்ததுதான்.

அவர் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காலையில் வாசலில் நின்று உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் சோதித்து அனுப்புவது அவர் வேலையில் முதல் வேலை. தீப்பெட்டி, பீடி, போன், சாவி, ஊக்கு, காசு என்று எதுவும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. வெடிமருந்து கலக்கும் அறையில் ஒரு காசு கீழே விழுந்து எதிலாவது உரசினால் போதும். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். கை கால் கழுவி, சுவரில் அடித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் சட்டைப் பையில் சில்லறை வைத்து நான் பார்த்ததில்லை. கடைக்காரர் மிச்சம் கொடுத்தால் "மிட்டாயாக் குடுங்க" என்பார். மேசைமேல் நான் காசைச் சிதறவிட்டால் ஒவ்வொன்றாக எடுத்து, சத்தம் வராமல், ஒரு துணிப்பையில் வைப்பார்.

போன கோடையில் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு கம்பெனியில் வெடித்தது. அங்கே யார் யார் போனார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தப் பக்கம் நின்றிருந்த என் வீட்டுக்காரர்மேல் கூரைத் தகடு வந்து விழுந்தது. இடது முன்கை வெந்துபோயிற்று. இடது காதில் ஒரு இரைச்சல் குடியேறியது; இன்றைக்கும் அது காலி செய்யவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, மஞ்சள் நனைத்த துணிக் கிழிசலில் ஒரு ரூபாய்க் காசை முடிந்தேன். அவர் எழுந்து நடமாடட்டும், ஆற்றங்கரை அம்மன் கோயிலுக்கு வந்து அவர் கையாலேயே இதை ஆற்றில் போடுவார் என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் கேட்க வாய்விட்டுச் சொன்னது அது. சொல்லாத ஒன்றையும் அதே முடிச்சில் வைத்து இறுக்கினேன். இந்த மனிதர் இனி மருந்து அறைக்குள் கால் வைக்கக் கூடாது.

காசு சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் தேறினார். கோயிலுக்குப் போக ஒரு நாள் அமைவதற்குள் முதலாளி போன் செய்துவிட்டார். மோசமான ஆள் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர்தான் பார்த்தார். அதனாலேயே மறுக்க முடியவில்லை. சீசன் ஆர்டர் குவிந்துகிடக்கிறது, போர்மேன் இல்லாமல் மருந்து அறையைத் திறக்க முடியாது என்றார்.

"போகத்தான் செய்யணுமா?" என்று கேட்டேன்.

"பின்ன? நான் போகலேன்னா அம்புட்டுப் பேருக்கும் வேலை இல்ல. காலண்டரைப் படிச்சு அமாவாசை சரியா இருக்கான்னு பாக்குற வேலையா?"

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"பயப்பட நேரம் எங்க இருக்கு. இட்லியை வை."

அவர் புறப்பட்டுப் போனபின் விளக்குத் துடைக்க அலமாரியைத் திறந்தேன். முடிச்சைக் காணவில்லை. சாயங்காலம் கேட்டதற்கு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார்.

"எலிக்கு என்ன வேண்டுதலோ" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறு காசு முடிய எனக்கு மனம் வரவில்லை. முடிச்சு எங்கேயோ கிடக்கிறது, அதற்குள் நான் கேட்டது கிடக்கிறது. அச்சகத்தில் ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தும் ஒரு பிழைகூடக் கண்ணில் படாமல் எழுந்து எழுந்து சன்னலுக்குப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. குடத்தோடு எனக்கு முன்னால் நின்றவள் எங்கள் தெருக்காரி. என் வீட்டுக்காரர் கம்பெனியில்தான் திரி செருகுகிறாள். வாய் ஓயாதவள்.

"மதினி, அண்ணாச்சி என்ன வேண்டுனாகன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். நாங்களும் அதே மாதிரி வேண்டிக்கிடுவோம்ல."

"எங்க வேண்டுனாக?"

"தொட்டியில. மருந்து ரூம் வாசல் தொட்டியில. வேலைக்குத் திரும்பி வந்த அன்னைக்கே, மஞ்சத் துணியோட காசைத் தண்ணிக்குள்ள போட்டுட்டு அப்படியே நின்னாக. கண்ணுல தண்ணி. நான் எங்க ரூம் வாசல்ல இருந்து பாத்தேன். எனக்கே ஒருமாதிரி ஆயிருச்சு. மறுநாள் நானும் ஒண்ணு போட்டுட்டேன்."

"நீயுமா?"

"நான் மட்டுமா? எல்லாருந்தான். அண்ணாச்சியே போடுதாருன்னா சும்மாவா? ஒருத்தி மருமகன் குடியை விடணும்னு போடுதா. ஒருத்தி மழை வரக் கூடாதுன்னு போடுதா, வெடி காயணும்ல. தண்ணிக்குள்ள காசைப் போட்டுத் தண்ணி வேண்டாம்னு கேக்குறா, இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல."

லாரிக் குழாயைப் பிடித்திருந்த பையனும் சிரித்தான். என்னால் முடியவில்லை.

"காசை எப்படி உள்ள கொண்டுபோறீக? வாசல்ல பாப்பாகல்ல?"

அவள் தன் கொண்டையை ஒரு தட்டுத் தட்டினாள். "சாமி காசை எவ மதினி வாசல்ல குடுப்பா?"

என் குடம் நிரம்பித் தண்ணீர் தெருவில் ஓடியது அவள் சொல்லித்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் அவர் முற்றத்துக் குழாயில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அலுமினியப் பவுடர் அவர் நகக்கண்ணை விட்டுப் போவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் விரல் நுனி வெள்ளியாக மின்னும். குடத்தை இறக்கிவிட்டுச் சொன்னேன்.

"எலியைக் கண்டுபிடிச்சுட்டேன்."

தேய்ப்பது நின்றது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நானே போய் மூடினேன்.

"அரைஞாண் கயித்துல முடிஞ்சு வச்சிருந்தேன்" என்றார். "வாசல்ல எல்லாரையும் நான் பாக்குதேன். என்னைய யாரு பாக்குறது?"

"உங்களுக்குத் தெரியாதா, அது காசுன்னு?"

"வீட்டுல எடுக்கும்போது சாமியாத்தான் தெரிஞ்சுச்சு. காசாவே தெரியல. செப்புத் தகட்டைத் தொட்டேன், காலைக் கழுவுனேன், உள்ள போயிட்டேன். ரெண்டு பேரு மருந்து சலிச்சுக்கிட்டிருந்தானுக. சல்லடையைப் பாக்கக் குனிஞ்சேன். இடுப்புல குத்துச்சு. அப்பதான் காசாச்சு."

அவர் தன் இடுப்பைத் தொட்டுக்கொண்டார், இப்போதும் அங்கே இருப்பதுபோல.

"எப்படி வெளிய வந்தேன்னு தெரியல. கைக்கு எட்டுன இடத்துல தொட்டி இருந்துச்சு. போட்டேன். வேண்டவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணிக்குள்ள போயிட்டா அது உரசாது. அம்புட்டுதான். அதை அவ பாத்துட்டா."

"அவ பாத்தது மட்டுமில்ல" என்று கொண்டைக் கதையைச் சொன்னேன்.

அவர் அப்படியே முற்றத்துப் படியில் உட்கார்ந்தார். தொட்டியில் காசு கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். தான் போட்டதுதான் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் வேகமாகக் கண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறார். மற்ற எல்லாத் தொட்டியையும் காலையில் எட்டிப் பார்க்கிறவர், அந்த ஒன்றை மட்டும் பார்க்காமல் கடந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் வீட்டுக்குள் நடந்தார். முன்னறையிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து முன்னறை. நானும் எதையாவது எடுத்துவைப்பதுபோலப் பின்னாலேயே நடந்தேன். சும்மா கொண்டையைச் சோதித்தால் போதாதா என்றேன். போதாது என்றார். சாமி காசு என்று நம்பிவிட்டால் கொண்டையில் இல்லாவிட்டால் வேறெங்காவது வைத்துக் கொண்டுவருவார்கள். அது சாமி காசு இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமானால், காசோடு மருந்து அறைக்குள் போன போர்மேன் தான்தான் என்றும் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் வாசலில் நின்று ஊக்குக்கும் சாவிக்கும் ஆட்களை ஏசியவர். வேலை போகலாம். வேலை போகாவிட்டாலும் பேர் போகும். சொல்லாவிட்டால், யாரோ ஒருத்தி குனியும்போது கொண்டை அவிழும்.

மறுநாள் காலை அவரோடு நானும் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏன் வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் வேன் வந்து நின்றது. அப்புறம் எங்கள் தெருக்காரி வரும் வேன். பெண்கள் தூக்குவாளியோடு இறங்கி வாசலுக்கு வந்தார்கள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"கொஞ்சம் நில்லுங்க. உள்ள போக வேண்டாம்."

நின்றார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். பயத்தில் காசைக் கொண்டுவந்தேன் என்றார். உள்ளே போனபிறகு அதைவிடப் பெரிய பயத்தில் அதைத் தண்ணீரில் போட்டேன் என்றார். அது வேண்டுதல் இல்லை, யாரும் அப்படி நினைக்க வேண்டாம் என்றார். சொல்லி முடித்தபோது வெந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அப்ப எங்க மருமகன் குடியை விட்டானே, அது எதுனால அண்ணாச்சி?"

"விட்டுட்டானா?"

"சனிக்கிழமைல இருந்து விட்டுட்டான்."

"இன்னைக்குத் திங்கக்கிழமைட்டி" என்று எங்கள் தெருக்காரி சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு ஓயும்போது, முன்னால் நின்ற, எப்போதும் பேசாத ஒரு பெண் அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்கும் பயம் உண்டுமா அண்ணாச்சி? எங்களுக்கு மட்டுந்தான்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தோம்."

"உண்டு" என்றார்.

அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொண்டையை அவிழ்த்தாள். மடித்த தாளுக்குள் ஒரு காசு. அடுத்தவள் அவிழ்த்தாள். அதற்கடுத்தவள். வெயில் ஏறத் தொடங்கியிருந்த அந்த வாசலில் வரிசையாகக் கூந்தல்கள் விழுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் வாசம் வந்தது. காசை எங்கே போடுவதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"போட்டது போட்டாச்சு, இனி கையில வச்சுக்கிட்டு என்ன செய்ய" என்றாள் எங்கள் தெருக்காரி. "ஒரு தொட்டியை வெளிய கொண்டாங்க அண்ணாச்சி. வெளிய போட்டா உங்க சட்டம் ஒண்ணும் சொல்லாதுல்ல?"

லோடு ஏற்றுகிற இரண்டு பேர் ஒரு பழைய சிமெண்ட் தொட்டியை உருட்டிக்கொண்டுவந்து வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். பெண்கள் வரிசையாகப் போட்டார்கள். கண்ணை மூடிப் போட்டவர்களும் உண்டு, வேலைக்கு நேரமாகிறதே என்று எறிந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கடைசியில் என் வீட்டுக்காரர் வாட்ச்மேன் முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இடுப்பை நல்லாத் தடவிப் பாருங்க, அங்கதான் எலி இருக்கும்" என்று உள்ளேயிருந்து எங்கள் தெருக்காரியின் குரல் வந்தது. தொட்டி நிரம்பும் நேரத்தில் எலிக் கதையை அவளிடம் சொன்னது நான்தான்.

அவர் முதலாளியிடமும் சொல்லிவிட்டார். முதலாளி, இனி வாசலையும் பேக்கிங்கையும் பாருங்க, மருந்து அறைக்கு வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்றாராம். தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்துசேர்ந்தார். என் வீட்டுக்காரரைவிட இளையவர், அமைதியானவர் என்று கேள்வி.

முடிச்சுக்குள் நான் சொல்லாமல் வைத்தது நடந்துவிட்டது. அன்று சாயங்காலம் பாயசம் வைத்தேன். அவர் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார். நான் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். தாயில்பட்டிக்காரர் வீட்டில் இந்த நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. இன்னும் எழுந்து போகவில்லை.

உள்தொட்டியை அவர் கழுவிவிட்டபோது பழைய காசு கிடைத்தது. மஞ்சள் முழுக்கக் கரைந்து துணி வெளுத்திருந்தது. முடிச்சு மட்டும் அவிழவில்லை. அதை எடுத்துக்கொண்டு இருவரும் கோயிலுக்குப் போனோம். கோயிலை ஒட்டி மட்டும் ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. அவர் குனிந்து, சத்தம் வராமல், தண்ணீருக்குள் கையைவிட்டு வைத்தார். அப்படித்தான் அவரால் ஒரு காசைப் போட முடியும்.

"என்ன வேண்டுனீக?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டல. கையில இல்லன்னு தெரிஞ்சா போதும்."

திரும்பும் பேருந்தில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார், இரைச்சல் இருக்கும் காதை என் பக்கம் வைத்து. பாலம் வந்தது. பேருந்துக்குள் வழக்கமான பரபரப்பு. முன் இருக்கையில் ஒரு பெண் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். இருபதுகளில் இருக்கும் முகம். யார் என்று எனக்குத் தெரியாது. தாயில்பட்டிக்காரரின் வீட்டுக்காரியாக இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் தாயில்பட்டியிலோ வேறெங்கோ ஒருத்தி, காலையில் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள். நான் நின்ற இடத்தில் இப்போது அவள் நிற்கிறாள். நான் நகர்ந்ததால்தான் அந்த இடம் அவளுக்குக் கிடைத்தது.

அவர் தூக்கம் கலையாமல் கைப்பையைத் துழாவினேன். ஒரு காசு அகப்பட்டது. சன்னல் கம்பிக்கு வெளியே விட்டேன். கீழே மணல்தான். சத்தம் எதுவும் வரவில்லை. யாருக்காகப் போட்டேன் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.